துப்பல் மாஸ்டரும் வெண்ணெய் டீயும்

எங்கள் துப்பல் மாஸ்டர் இதுவரை வாயில் வைத்த டீயை எல்லாம் ஒன்றாகக் கொட்டினால் ஊட்டி ஏரி நிரம்பி ரோட்டுக்கு வரும். அவர் விழுங்கிய டீயைச் சேர்த்தால் ஒரு சங்குகூட நிரம்பாது.

பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் அவர் டீ மேக்கர்; தூளின் தரத்துக்கு அவர்தான் பொறுப்பு. நான் ஆபீஸ் கிளார்க். காலையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் எடுத்து, கூரை அதிர ‘சர்ர்ர்’ என்று உறிஞ்சி, கண்ணை மூடி யோசித்துவிட்டு, பக்கத்துத் தொட்டியில் துப்புவார். தேயிலைத் தரம் பார்க்கிற எல்லோரும் அப்படித்தான். ஆனால் மற்றவர்கள் வீட்டுக்குப் போய் ஒழுங்காக டீ குடிப்பார்கள். இவரோ மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் நீட்டிய டீயை ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு, “தண்ணி கொதிக்கறதுக்கு முன்னாடியே தூளப் போட்டுட்டீங்க அம்மிணி” என்றார். அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி.

ஆபீஸில் நான் போட்ட டீயையும் ஒருமுறை வாயில் வைத்தார். தொட்டிவரை போகக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. செம்பருத்திச் செடியில் துப்பிவிட்டு, “ஏனுங்க தம்பி, தேயில உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?” என்றார்.

ரிட்டயர் ஆன கையோடு அவருக்கு ஓர் ஆசை வந்தது. “நம்மூர்ல உறைஞ்சு நான் பாத்தது தேங்காண்ணெ ஒண்ணுதானுங்க. லடாக்ல மலையே உறைஞ்சு நிக்குதாமா, பாத்துப்போட்டு வந்தர்லாம் வாங்க.”

இரண்டு மோட்டார் சைக்கிள்களையும் சண்டிகர்வரை ரயிலில் அனுப்பி, மணாலி தாண்டி லடாக் மலைகளுக்குள் நுழைந்தோம். என் பையில் ஸ்வெட்டர்கள். அவர் பையில் நாலு வெள்ளைக் கோப்பை, ஒரு ஸ்பூன். வழியெல்லாம் ஒரு டீக்கடை பாக்கியில்லாமல் உறிஞ்சித் துப்பினார். ஒரு கடைக்காரர் கரண்டியோடு துரத்தி வந்ததில், அன்றைய தூரத்தை நாங்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கடந்தோம்.

கடைசியில், இரண்டு பக்கமும் பனியாறுகள் வழிந்து உறைந்து நிற்கும் பள்ளத்தாக்குக்கு வந்தோம். மனித வாடையே இல்லை. மாஸ்டர் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினார். இரண்டு பக்கச் சரிவுகளையும் மாறி மாறி அண்ணாந்து பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுச் சொன்னார்: “இத்தன சரிவு, இத்தன தண்ணி. ஒரு தேயிலச் செடி இல்லீங்களே!”

அதற்குப் பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை. உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலை பிளந்தது, வாந்தி நிற்கவில்லை, மூச்சு முட்டியது. என் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, மாஸ்டர் என்னைத் தன் வண்டியில் ஏற்றி, ஏழே வீடுகள் இருந்த ஒரு கிராமத்தில் இறக்கி, ஒரு வீட்டுக்குள் சுவரோரம் கிடத்தினார். உடனே கீழே இறங்கினால்தான் பிழைப்பேன் என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. ஊரிலிருந்த ஒரே பிக்கப் வண்டி அந்த வீட்டுக்காரருடையது. அவர் தயங்காமல் சாவியை எடுத்தார். குளிரில் விறைத்த என்ஜினுக்கு அடியில் தணல் வைத்துச் சூடாக்க மகனை அனுப்பிவிட்டு, அதுவரை குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று உப்பும் வெண்ணெயும் போட்ட டீயை மாஸ்டர் கையில் கொடுத்தார்.

‘சர்ர்ர்.’ அடுத்த நொடி, அடுப்புச் சாம்பலில் ‘தூ’.

வீட்டுக்காரர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை; முகம் வாடிவிட்டது. “டீ மோசமா?” என்று இந்தியில் மெதுவாகக் கேட்டார். சாவி அவருடைய கோட்டுப் பைக்குள் திரும்பிப் போயிற்று.

மாஸ்டர் அந்தப் பையைப் பார்த்தார். சுவரோரம் கிடந்த என்னைப் பார்த்தார். கோப்பையைத் தூக்கி, கண்ணை இறுக மூடி, விழுங்கினார். டீ இறங்கி அவர் தொண்டைக்குழி அசைந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மிச்சம் வைத்தால் மரியாதையில்லை என்று கோப்பையைக் காலி செய்தார். அந்த ஊரிலோ விருந்தாளியின் கோப்பை காலியாக இருக்கக் கூடாது. வீட்டுக்காரர் மீண்டும் ஊற்றினார். இவர் காலி செய்தார், அவர் ஊற்றினார். ஆறாவது கோப்பையில் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்து, மாஸ்டரின் முதுகில் தட்டி, சாவியை வெளியே எடுத்தார்.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை என் தலை மாஸ்டர் மடியில்தான் இருந்தது. நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். “பேசாதீங்க தம்பி. பதில் சொல்ல நான் வாயத் தொறந்தா ஆறு கப்பும் வெளிய வந்துரும்.”

ஊர் திரும்பியதும் பழையபடி துப்ப ஆரம்பித்துவிட்டார். போன மாதம், இப்போது அவர் குடியிருக்கும் தேவர்சோலையிலிருந்து என்னைப் பார்க்க வந்தார். என் மனைவி ஊரில் இல்லை. நானே டீ போட்டேன். பழக்கம் தெரிந்து, பக்கத்தில் ஒரு வாளியையும் வைத்தேன். மாஸ்டர் ‘சர்ர்ர்’ என்று உறிஞ்சினார், கண்ணை மூடினார், வாளியைக் காலால் தள்ளிவிட்டு விழுங்கினார்.

“எப்படிங்க மாஸ்டர் இருக்கு?”

“மகா மோசமுங்க” என்று சொல்லிக் காலிக் கோப்பையை நீட்டினார். “இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க.”