மார்ஜின் சாரும் காணாமல் போன இருபத்தேழு பக்கங்களும்

காகிதத்தின் ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் இடம் குறைந்ததற்காகச் சோறு இறங்காமல் தவிக்கும் மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் சிதம்பரத்தில், கீழவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முனையிலிருந்து பதினொன்றாவது கடையில் இருக்கிறார். டைப்பிங் கடை. வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கும், எனக்குத் தெரியாது. ஆய்வேடு அடிக்க வரும் மாணவர்கள் முதல் எதிர் டீக்கடைக்காரர் வரை எல்லாருக்கும் அவர் மார்ஜின் சார்.

சட்டைப் பையில் பேனா இருக்காது. ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். ஓட்டலில் இலை போட்டதும், "சட்னிய ஏன்யா ஓரத்துல ஊத்துற? கொஞ்சம் உள்ள தள்ளி ஊத்து" என்பார். பரிமாறுகிறவர்கள் பழகிவிட்டார்கள். அவருக்கு மட்டும் இலையின் இடது பக்கம் இரண்டு விரல் இடம் விட்டுத்தான் ஆரம்பிப்பார்கள்.

குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் அவர் செய்த வேலையைப் பக்கத்துக் கடை பைண்டர் அந்தோணி எனக்குச் சொன்னார். வாசலில் பேனர். மார்ஜின் சார் அதைப் பார்த்தார், நாற்காலி கேட்டார், ஏறி நின்று ஸ்கேலை வைத்து அளந்தார். இறங்கி வந்து சபையிலேயே கேட்டாராம்: "மாப்பிள்ள பேர விடப் பொண்ணு பேர் கால் இஞ்ச் சின்னதா இருக்கே. ஏன், பொண்ணு பாதி டிக்கெட்டா?" அதுவரை பெண்வீட்டார் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அதன்பிறகு வேறு எதையும் கவனிக்கவில்லை. தாலி கட்ட முக்கால் மணி நேரம் தாமதம்.

இந்த மனிதரிடம்தான் என் தலை போய் மாட்டியது.

நான் கடலூரில் முப்பத்து நான்கு ஆண்டு கணக்கு வாத்தியாராக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு எங்கள் மாவட்டத்து ஏரி குளங்களின் பெயர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிந்தேன். பகுதி நேரம். ஏழு ஆண்டு ஓடிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. அறுபத்தொன்பது வயதில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க எனக்கு ஆயுள் கணக்கு ஒத்துவரவில்லை.

அன்று காலை ஒன்பது மணிக்கு அவர் கடையில் இருந்தேன். நானே மடிக்கணினியில் தட்டிய 268 பக்கம் பென்டிரைவில் இருந்தது; எதற்கும் இருக்கட்டும் என்று மடிக்கணினியையும் கொண்டுபோயிருந்தேன். அச்செடுத்தால் போதும் என்று நினைத்தேன்.

அவர் திரையில் மொத்தம் ஏழே பொத்தான். மற்ற எல்லாவற்றையும் செட்டிங்கில் போய் மறைத்து வைத்திருக்கிறார். "கல்யாண சீரியல் லைட்டு மாதிரி அவ்ளோ எதுக்கு சார்?" என்றபடி ஏழில் ஒன்றை அழுத்தினார். என் பக்கமெங்கும் புள்ளி புள்ளியாக முளைத்தது. நான் விட்ட ஒவ்வொரு ஸ்பேஸும் ஒரு புள்ளி.

"என்னா சார் இது? எள்ளு காயப் போட்ட மாதிரி இருக்கு."

"தலைப்பு நடுவில் வர வேண்டுமே."

"அதுக்கு ஸ்பேஸ் பாரத் தட்டுவாங்களா? எத்தினி வருஷமா இந்தப் பழக்கம்?"

டாக்டரிடம் சொல்வது போல, "மூன்று வருஷமாக" என்றேன்.

அடுத்து பொருளடக்கம். தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவே நான் கையாலேயே வைத்த புள்ளி வரிசைகள். அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"இத்தினியும் நீங்களா வெச்சது?"

"3,034 புள்ளி. இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்."

"அத எண்ணவும் செஞ்சீங்களா?" என்று மெல்லக் கேட்டார். முதல்முறையாக என்னை மரியாதையோடு பார்த்தது போல இருந்தது.

பிறகு வேலையில் இறங்கினார். தலைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு இது தலைப்பு, இது உட்தலைப்பு என்று கணினிக்குச் சொல்லிக் கொடுத்தார். பைண்டிங்குக்காக இடது ஓரம் ஒன்றரை அங்குலம். தேவையில்லாத ஸ்பேஸ், தேவையில்லாத என்டர் எல்லாவற்றையும் கூட்டித் தள்ளினார். இரண்டு மணிக்கு நிமிர்ந்து, "முடிஞ்சிது சார். ஒரு வாய் சாப்ட்டு வந்து பிரின்ட் குடுக்கறேன். எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் தொடவில்லை. பக்க எண்ணை மட்டும் பார்த்தேன். 241.

268-இல் 241-ஐக் கழித்தேன். இருபத்தேழு பக்கத்தைக் காணவில்லை. எந்த ஏரி போயிற்று, எந்தக் குளம் போயிற்று என்று எப்படித் தேடுவது? கணினியில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றுதான்: செய்ததைத் திரும்பப் பெறும் கன்ட்ரோல் இசட். அழுத்தினேன். அழுத்த அழுத்தப் பக்கங்கள் திரும்பி வந்தன. அறுபத்து மூன்றாவது அழுத்தலில் 268. அப்பாடா என்றிருந்தது. ஒரு தலைப்பு பக்கத்தின் அடியில் தொங்கிக்கொண்டிருந்ததால் பழக்கதோஷத்தில் ஒரு என்டர் தட்டி அடுத்த பக்கத்துக்குத் தள்ளினேன். பொறுப்பாகச் சேமித்தும் வைத்தேன்.

மார்ஜின் சார் வந்தார். திரையைப் பார்த்தார். கையில் பாதி உரித்திருந்த வாழைப்பழத்தை அப்படியே மேசையில் வைத்தார்.

"எள்ளு திரும்ப மொளச்சிருக்கே."

"இருபத்தேழு பக்கம் போய்விட்டது தம்பி. நான்தான் மீட்டேன்."

"சரி, பரவால்ல, பின்னாடி போனத அப்படியே முன்னாடி தள்ளிக்கலாம். நடுவுல ஏதாச்சும் தட்டுனீங்களா?"

"ஒரே ஒரு என்டர்."

"அந்த ஒண்ணு போதும் சார்" என்று உட்கார்ந்துவிட்டார். "நடுவுல எதத் தட்டுனாலும் முன்னாடி போற வழி அடைஞ்சிடும். காலைலருந்து செஞ்சது பூரா போச்சு."

மணி இரண்டு நாற்பது. பக்கத்துக் கடையிலிருந்து அந்தோணி எட்டிப் பார்த்தார். "மச்சான், கோந்து ரெடி. வாத்தியாரு புக்கு எங்க?"

"வாத்தியாரு மீட்டுட்டாரு மச்சான். இரு."

மிச்சம் இரண்டு மணி இருபது நிமிஷம் என்று கணக்குப் போட்டேன். ஏழு ஆண்டு. அவர் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. எங்கேயோ மறைத்து வைத்திருந்த ஒரு கட்டத்தைத் திரையில் வரவழைத்தார்.

"இங்க பாருங்க. பொருளடக்கத்த விட்டுட்டு மொத்த வார்த்த 48,216. கையில எழுதிக்குங்க."

உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

மறுபடி கூட்டினார். காலையில் ஐந்து மணி நேரம் எடுத்த வேலை. வழி தெரிந்துவிட்டதால் இப்போது விரல் பறந்தது. நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று ஐம்பதுக்கு 241 பக்கம் வந்து நின்றது. அந்தக் கட்டத்தைத் திரும்ப வரவழைத்தார்.

"கையப் பாருங்க சார்."

48,216.

"போன இருபத்தேழு பக்கமும் வெறும் காத்து. எண்ணுற ஆளு நீங்க, பக்கத்தப் போய் எண்ணலாமா? வார்த்தைய எண்ணுங்க."

இரண்டு மெஷினில் அச்சாகி, அந்தோணி கை வைத்து, கோந்து காய மின்விசிறியின் கீழ் நிறுத்தியபோது நான்கு முப்பத்தெட்டு. மார்ஜின் சார் பைக்கை எடுத்தார். நான் பின்னால், மடியில் ஐந்து பிரதிகள். ஈரக் கோந்து வேட்டியில் ஒட்டியது. பல்கலைக்கழக அலுவலகத்தில் நுழைந்தபோது நான்கு ஐம்பத்து மூன்று. அங்கிருந்த அம்மாள் வாங்கிப் பார்த்து, முதல் பக்கத்தில் முத்திரை குத்தினார்.

ஏழாண்டு பாரம் இறங்கி நான் சுவரில் சாய்ந்தேன். பக்கத்தில் ஒரு குரல்.

"மேடம், சீலு கொஞ்சம் சாஞ்சிடுச்சு."

மார்ஜின் சாரின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

வழியெல்லாம் என் மடிக்கணினி அவர் கடையிலேயே இருக்கிறதே என்ற கவலை. போய் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, கடலூர் வந்து திறந்தேன். வேறு யாருடையதோ என்று பயந்துபோனேன். அச்சு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் மார்ஜின் சார் இதில் கை வைத்திருக்க வேண்டும். எழுத்துகள் ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு இருந்தன. நான் திரைக்குள் மூக்கை நுழைத்துப் படிப்பதை எப்போது பார்த்தாரோ. மேலே கண்ணைப் பறித்த பொத்தான்களெல்லாம் போய் ஒன்றே ஒன்று நின்றது. அழுத்தினால் வார்த்தைகளை எண்ணிச் சொன்னது.

இப்போது பத்திரிகைகளுக்கு இப்படி ஏதாவது எழுதினால் சிதம்பரம் போய் அவரிடம்தான் அச்செடுக்கிறேன். கடலூரிலேயே எடுக்கலாம், எங்கள் தெருவிலேயே மூன்று கடை. ஆனாலும் புறப்படும் முன் ஏதாவது ஒரு தலைப்புக்கு முன்னால் ஐந்தாறு ஸ்பேஸ் தட்டி வைத்துக்கொள்வேன். "நீங்க திருந்தவே மாட்டீங்களா சார்?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ சொல்லி, ஒவ்வொரு புள்ளியாக அவர் நீக்கி முடிக்க அரை மணி நேரம் ஆகும்.