பொட்டு ஒட்டிய சுவிட்ச்

கோவில்பதாகை,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளர் எத்திராஜ் ஐயா அவர்களுக்கு, மாடி வீட்டு ஜெயப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது.

கீழ்வீட்டில் தாங்கள் நலமாக இருப்பதை, மோட்டாரை நிறுத்தச் சொல்லித் தெருமுனை வரை கேட்கும்படி இன்று நீங்கள் கொடுத்த குரலிலிருந்து தெரிந்துகொண்டேன். தங்கள் துணைவியார் தாட்சாயிணி அம்மாவும் நலம் என்பது ரசம் தாளித்த வாசனையில் தெரிந்தது. மாடியில் நானும் நலம். வலது கை மட்டும் முழங்கை வரை இன்னும் மரத்திருக்கிறது. இறங்கி வந்தே சொல்லலாம். ஆனால் வரும்போதெல்லாம் நீங்கள் காபி கொடுத்துவிடுகிறீர்கள், நான் வந்த விஷயத்தை மறந்து தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். அதனால் எழுத்தில்: இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறேன்.

காரணம் பெயின்ட். நான் கேட்காமலேயே மாடிக்கு பெயின்ட் அடித்துக் கொடுத்தது பெரிய மனது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் குடிவந்த அன்று தாட்சாயிணி அம்மா அறை அறையாக அழைத்துப் போய், "பொட்டு ஒட்டின எடத்துல மட்டும் கை வெக்காத கண்ணு, மத்தபடி ஊடு தங்கம்" என்றார்கள். ஷாக் அடிக்கும் சுவிட்சில் ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு, கழன்று வரும் குழாயில் ஒன்று, கனம் தாங்காத அலமாரித் தட்டில் ஒன்று. குளியலறைக் கண்ணாடியிலும் ஒன்று. அது கண்ணாடி கெட்டது என்பதற்கா, அம்மா எப்போதோ இங்கே முகம் கழுவும்போது எடுத்து ஒட்டியதா என்று எனக்குத் தெரியாது. எதற்கு வம்பு என்று நான் அதில் முகமே பார்த்ததில்லை.

வியாழன் மாலை அம்பத்தூரிலிருந்து வேலை முடித்து வந்து கதவைத் திறந்தால் வீடு பளபளவென்று இருக்கிறது, ஒரு பொட்டையும் காணோம், சமையலறையில் விளக்கைப் போடலாமென்று தொட்ட சுவிட்ச் என்னைத் தூக்கியடித்தது, விழாமலிருக்கப் பிடித்த அலமாரித் தட்டு, பெயின்ட் அடித்தவர் அதில் ஏற்றி வைத்திருந்த தோசை மாவோடு என் மேலேயே வந்தது, புதுச் சுவரில் வழிந்த மாவைக் கழுவ ஓடிப்போய்த் திறந்த குழாயின் தலை கையோடு வந்துவிட்டது, தண்ணி பீய்ச்சி அடிக்குது, நான் கத்துறேன், நீங்க மேல ஓடி வந்து வாசல்லயே நின்னு, "இன்னாமா, ஊடு எப்டி கீது?"ன்னு கேட்டீங்களே ஐயா!

பெயின்டர் வேம்புலியைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். "பொட்டா? அல்லாத்தையும் பிளேடு போட்டு சொரண்டிட்டேன் நைனா, ஒண்ணு வுடல" என்று பெருமையாகச் சொன்னார். எங்கெங்கே ஒட்டியிருந்தது என்று அம்மாவைக் கேட்டால், "ஞாபகம் இருந்தா நான் ஏன் பொட்டு ஒட்டப் போறேன்?" என்கிறார்கள். எலக்ட்ரீஷியனை அழைக்கலாமா என்றதற்கு, "அவன் வந்தா அல்லாத்தையும் மாத்தணும்பான். நீயே தொட்டுப் பாத்து கண்டுபுடி, இன்ஜினியருதானே" என்றீர்கள்.

இங்கேதான் ஐயா எனக்குத் தலை சுற்றுகிறது, ஏனென்றால் என் வேலையே இதுதான். லாரிகளில் பொருத்தும் ஒரு சின்னப் பெட்டிக்குள் ஃபிளாஷ் மெமரி என்று ஒரு சிப் இருக்கிறது. வீட்டுக்கு அறைகள் போல அதற்குள் பிளாக்குகள். தொழிற்சாலையிலிருந்து புத்தம் புதிதாக வரும்போதே சில பிளாக்குகள் கெட்டிருக்கும். அதில் ஒளிவுமறைவு கிடையாது, கெட்டதில் எல்லாம் அவர்களே அடையாளம் வைத்து அனுப்புவார்கள். பெட்டியை நடத்துகிற கெர்னல் என்ற மென்பொருள் முதலில் அந்த அடையாளங்களைப் படித்து நினைவில் வைத்துக்கொண்டு, அவற்றைத் தொடாமல் தாண்டிப் போகும். போகப் போக இன்னொன்று கெட்டால் அதற்கும் ஓர் அடையாளம். யாரும் பழுது பார்ப்பதில்லை, யாரும் கோபித்துக்கொள்வதுமில்லை. கெர்னலில் அந்தப் பகுதியைத்தான் நான் எழுதுகிறேன். ஒன்றே ஒன்று செய்யக்கூடாது: படிப்பதற்கு முன் சிப்பைத் துடைத்துவிடக் கூடாது. துடைத்தால் அடையாளமும் சேர்ந்து போய்விடும். பிறகு சோதித்துப் பார்த்தும் நம்ப முடியாது. கெட்ட பிளாக் சோதனையின்போது நல்ல பிள்ளையாக இருக்கும், நம்பி எதையாவது வைத்த பிறகுதான் காலை வாரும். நம் சமையலறை சுவிட்ச் வெள்ளிக்கிழமை நீங்கள் போட்டுக் காட்டியபோது ஒழுங்காக எரிந்தது. நீங்கள் படியிறங்கியதும் என்னை அடித்தது. இதை என் டீம் லீடர் கோபியிடம் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, "உங்க ஓனரை நம்ம ப்ராஜெக்ட் பக்கம் மட்டும் கூட்டிட்டு வந்துடாத" என்றார்.

எதைத் தொடுவது என்று தெரியாமல் மூன்று ராத்திரியாக ஹாலின் நடுவில் நாற்காலி போட்டு, டார்ச் வெளிச்சத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறேன். இது வாழ்க்கையா, நீங்களே சொல்லுங்கள். இன்று பூந்தமல்லியில் புரோக்கர் தங்கராஜ் காட்டும் புது ஃபிளாட்டைப் பார்க்கப் போகிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு. தங்கள் வீட்டில் தண்ணீரும் கரண்டும் அதனதன் வழியிலேயே போக வேண்டிக்கொள்ளும்,

ஜெயப்பிரியா

பி.கு.: பூந்தமல்லி போய் வந்துவிட்டேன். "ஒரு கொற சொல்ல முடியாது மேடம், அல்லாமே புச்சு" என்றார் தங்கராஜ். ஒரு அடையாளம்கூட இல்லாத சிப் கையில் வந்தால்தான் நாங்கள் பயப்படுவோம். சுவர் சுவராகத் தேடினேன். குளியலறை சுவிட்ச் ஓரத்தில் சின்னதாக, வட்டமாக, ஒரு பசைத் தடம். "இது என்னங்க?" என்றேன். "எது மேடம்?" என்றார். அங்கேயும் யாரோ பொட்டைச் சுரண்டியிருக்கிறார்கள், இங்கேயாவது ஒட்டியவர் கீழ்வீட்டிலேயே இருக்கிறார் என்று அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். நான் காலி செய்யவில்லை. அம்மாவுக்கு ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மாவும் நானுமாகச் சமையலறையிலிருந்து ஒட்டத் தொடங்கலாம். அட்டையில் ஒரு பொட்டு குறையும். அதை இந்தக் கடிதத்தின் தலையில் ஒட்டியிருக்கிறேன், மேலே எழுதியதைத் தொடாமல் தாண்டிவிடுங்கள்.