அம்மோனியாவுக்கு முழு மார்க்

நான் ஒரு முழு மூடன். அதற்குச் சான்றிதழும் இருக்கிறது: பி.எஸ்சி. வேதியியல், முதல் வகுப்பு.

படிக்க வைத்தவள் அக்கா. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்கு மருந்து செலுத்தியே என்னைக் கரையேற்றினாள். படிப்பு முடிந்ததும் அதே கம்பெனிக்கு சூப்பர்வைசராகப் போனேன். (அக்காவுக்கே மேலதிகாரி. தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்!)

தீபாவளி சீசன். காலை மழையில் கூரை ஒழுகி, கலந்து வைத்த மருந்துத் தட்டு நனைந்துவிட்டது.

"ஏலே, ஈர மருந்து சும்மா இருக்காது. எல்லாரையும் வெளிய கூப்புடு," என்றாள் அக்கா.

நான் வகுப்பெடுத்தேன். "தண்ணி மூலக்கூறுல ஆக்சிஜன் எலக்ட்ரானைத் தன் பக்கமா இழுத்து வச்சிருக்கும்க்கா. அதனால ஒரு பக்கம் லேசா மைனஸ், மறுபக்கம் லேசா பிளஸ். எண்ணெய்க்கு அப்படிக் கிடையாது. அதான் ரெண்டும் ஒட்டாது. அலுமினியப் பொடி மேல எண்ணெய்ப்பசை பூசியிருக்கு. தண்ணி என்ன செய்யும்?"

தண்ணீரும் என் மானத்தைக் காப்பாற்றி, பொடிமேல் முத்து முத்தாக நின்றது. ஆர்டர் நிற்கிறது, வேலையைப் பாருங்கள் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அக்கா மறுபடி கூப்பிட்டாள். "ஏலே, மூத்திர வாடை அடிக்குது."

"சுவருக்குப் பின்னால எவனாச்சும் போயிருப்பான். இன்னைக்கு அவனை விடப்போறதில்ல!" கம்பை எடுத்துக்கொண்டு போனேன். அதனால்தான் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த வாடை அம்மோனியா. மெல்லிய பசையைத் தாண்டி ஈரம் இறங்க, மருந்தில் கலந்திருந்த அலுமினியமும் நைட்ரேட்டும் வினைபுரிந்து, சூடேறி, அதைக் கக்கிக்கொண்டிருந்தன. ஒரு நைட்ரஜன், மூன்று ஹைட்ரஜன், உச்சியில் தனித்த எலக்ட்ரான் ஜோடி. அதுவும் தண்ணீரைப் போல முனைவுள்ள மூலக்கூறு. பரீட்சையில் அந்தப் படத்துக்கு முழு மார்க் வாங்கியவன் நான். நேரில் வந்தபோது அடையாளம் தெரியவில்லை.

அக்கா தட்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். கொதித்திருக்கிறது. கூட இருந்த இரண்டு பெண்களையும் வெளியே தள்ளிவிட்டுக் கடைசியாக வந்தவளின் வலது கையைத் தீ பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு ஓடிவந்தபோது என் கையில் இன்னும் அந்தக் கம்பு இருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு அக்கா கேட்ட முதல் கேள்வி: "ஆளு சிக்குனானா?"

நான் வாய்விட்டு அழுதேன்.

இப்போதும் அக்காவின் பேத்தி பாயை நனைத்தால் போதும். "ஏலே, வாடை அடிக்குது. கம்பெடுத்துட்டு வா!" என்று சத்தம் வரும். வீடே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே போய், ஈரத்துணியை அலசிப் பிழிந்து போடுவேன். அக்காவின் விரல்கள் மடங்காது.