முதல் புகாரும் முகவரிச் சான்றும்

அன்புள்ள மைத்துனர் ஜெயகிருஷ்ணன் அவர்களுக்கு,

சாரங்கபாணியின் வணக்கம். உங்கள் தங்கை வத்சலாவின் முழங்கால் நீங்கலாக இங்கு எல்லாம் சௌக்கியம். அச்சரப்பாக்கத்தில் உங்கள் சௌக்கியத்தை அறிய ஆவல்.

செய்தி இதுதான். எங்கள் நகராட்சி அமைத்த இனவெறி எதிர்ப்புப் பணிக்குழுவுக்கு வந்த முதல் புகார், செவ்வாய்க்கிழமை மாலை நான்கரை மணிக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஆதாரம் நான்தான், திருப்பிய கடிதத்தில் இருப்பது என் கையெழுத்து.

புகார் கொடுத்தவள் லால்ரின்மாவி. மிசோரம் பெண், இங்கே தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், தமிழை இந்த ஊரிலேயே பழகியவள். ஹாஸ்டலை இடிக்கப் போவதால் முப்பதாம் தேதிக்குள் காலி செய்தாக வேண்டும். பல வீடுகளில் கேட்டிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்த நிமிடமே ஒவ்வொரு வீடும் வேறு யாருக்கோ கொடுக்கப்பட்டுவிட்டது. இதற்குத்தானே குழு என்று எங்களிடம் வந்தாள். முப்பத்தாறு வருடம் நிருபராக இருந்தவன் என்று புகார்ப் படிவத்தை எழுதும் வேலையை என்னிடம் விட்டிருந்தார்கள். சரிபார்க்காத எதையும் அச்சுக்கு அனுப்பாத பழக்கத்தில், உள்ளூர் முகவரிக்கு வாடகை ஒப்பந்த நகல் கட்டாயம் என்று சேர்த்தவன் நான். அவள் படிவத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து, "சார், வூடு குடுக்கலன்னு தான் கம்ப்ளெயிண்டே. வூட்டு அக்ரிமெண்ட் கேட்டா நான் இன்னா பண்றது?" என்றாள். குழுத்தலைவர் நரசிம்மன், "நியாயந்தாம்மா. ஆனா ஃபாரம் ஐநூறு காப்பி அடிச்சாச்சே" என்றார். "அப்போ ஐநூறு பேரும் வூடு வெச்சிகினு தான் வூடு இல்லன்னு சொல்லணுமா?" என்று கேட்டாள். சமாதானம் செய்ய நினைத்த உறுப்பினர் ஞானம்பாள், "சமையல் நாத்தம் வரும்னு வூட்டுக்காரங்க பயப்படறாங்க கண்ணு. நீ இன்னா துன்றே?" என்று கேட்டார். "உங்கள மாதிரி கருவாடு தான் ஆன்ட்டி." ஞானம்பாள் வீட்டு மாடியில் நெத்திலி காய்வது தெருமுனை வரைக்கும் தெரியும். கூட்டம் அத்துடன் கலைந்தது.

கேளம்பாக்கத்தில் உங்கள் ஃபிளாட் பூட்டிக் கிடக்கிறது. தயவுசெய்து அதை அவளுக்குக் கொடுங்கள். அக்கம்பக்கம் என்ன சொல்லுமோ என்று தயங்காதீர்கள். ஊருக்கெல்லாம் ஊசி போடுற பொண்ணு, அவளுக்கு ஒரு ரூம் குடுக்க ஆள் இல்லன்னா அப்புறம் இந்தக் குழுவெல்லாம் என்னத்துக்கு, நீங்களே சொல்லுங்க.

வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு. மகள் ரக்ஷாவுக்கு எங்கள் ஆசி. படிவத்தைத் திருத்துவது பற்றி அடுத்த கூட்டம் முடிவு செய்யும். கூட்டம் அடுத்த மாதம் ஐந்தாம் தேதி.

இப்படிக்கு,
சாரங்கபாணி

பி.கு.: எங்கள் மாடி போர்ஷன் பங்குனியிலிருந்து காலி. அந்தப் பெண் இங்கேயும் வந்து கேட்டாள். வாசலில் வத்சலா "குடுத்தாச்சும்மா" என்றபோது நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது. அந்தப் பெண் உங்களிடம் பேசினால் மாடி விஷயத்தைச் சொல்ல வேண்டாம். வத்சலாவிடம் இதுபற்றி நான் இன்னும் பேசவில்லை. முப்பதாம் தேதிக்குப் பிறகு பேசலாம் என்றிருக்கிறேன்.