மூக்கடைப்புக்கு ஒரு குற்றவாளி

கிளினிக்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போதே டெராமே தீர்மானித்துவிட்டார்: டாக்டர் சொன்னதில் பாதியை மட்டும் மனைவியிடம் சொல்வது. எந்தப் பாதி என்பதுதான் வழியெல்லாம் யோசனை.

டாக்டர் சின்னப் பெண். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மூக்கின் இரண்டு துவாரங்களையும் வெகுநேரம் பார்த்தாள்.

"பகல்ல நல்லா இருக்கு, ராத்திரி படுத்தா அடைக்குது. அப்போ படுக்கிற அறையிலதான் ஏதோ இருக்கு. பஞ்சு, இறகு, தூசி, எதுவா வேணும்னாலும் இருக்கலாம். ஒவ்வொண்ணா வெளிய எடுத்துப் பாருங்க."

இறகு என்றதும் டெராமே எழுந்துவிட்டார். மருந்துச் சீட்டைக்கூட மேசையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

அறையில் இறகு இருந்தது. அதன் பெயர் ஜோஹான். சானா ஊரில் வரிப்புறா வளர்க்காத வீடு குறைவு. வெள்ளிக்கிழமைகளில் திடலில் உயரமான கம்பங்களில் கூண்டுகளை ஏற்றிவிட்டு, கீழே பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எந்தப் புறாவின் குரல் இனிது என்று கேட்டுப் பரிசு சொல்வார்கள். ஜோஹான் என்றால் வாகை சூடியவன் என்று பொருள். இதுவரை அது எதையும் சூடியதில்லை. கம்பத்தில் ஏறியதும் கூவாமல் இறகு கோத ஆரம்பித்துவிடும். ஆனாலும் புறாத் திருடர்கள் இருக்கிற ஊர். அதனால் ராத்திரியில் கூண்டு டெராமேயின் தலைமாட்டில் தொங்கும்.

"இதைத் திருடுறவன் மறுநாளே கொண்டாந்து விட்டுடுவான், பாங்" என்பாள் மனைவி ரம்லா. புருஷனை அவள் 'பாங்' என்றுதான் கூப்பிடுவாள்.

மூக்குக்காக அவள் செய்யாத வைத்தியம் இல்லை. சின்ன வெங்காயத்தை இடித்துத் துணியில் கட்டி அவர் தலையருகே வைத்தாள். எலுமிச்சைப் புல்லைக் கொதிக்கவைத்து, போர்வைக்குள் அவர் தலையைத் தள்ளி ஆவி பிடிக்க வைத்தாள். ஊரில் எல்லோரும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடிக்கடி மூக்கில் உறிஞ்சும் கற்பூர வாசனைக் குழாய்களில் இரண்டை, டெராமே துவாரத்துக்கு ஒன்றாகச் செருகிக்கொண்டு படுத்தார். "தந்தம் தப்பான இடத்துல முளைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எதற்கும் மூக்கு மசியவில்லை. வாயால் மூச்சு, மூச்சோடு குறட்டை.

போன வாரம் அவள் சொல்லிவிட்டாள்: "நோன்பு மாசத்துக்குள்ள இது சரியாகலன்னா நான் அக்கா வீட்டுல போய்ப் படுத்துக்குவேன்."

அவள் பக்கத்தில் இல்லாமல் தூங்கி டெராமேக்குப் பழக்கமில்லை. ஜோஹான் தலைமாட்டில் இல்லாமலும் பழக்கமில்லை. ஒரு மனிதனுக்கு இரண்டும் வேண்டும் என்பது பேராசையா? புளியந்தோப்புத் திருப்பத்தில் வண்டியை வளைத்தபடி தன்னையே கேட்டுக்கொண்டார். பேராசை இல்லை என்று வீட்டு வாசலில் பதில் கிடைத்தது.

"டாக்டர் என்ன சொன்னாங்க?" சோறு போட்டபடி கேட்டாள் ரம்லா.

"இலவம்பஞ்சுதானாம்."

அகப்பை நின்றது. படுக்கையிலிருந்த இலவம்பஞ்சுத் தலையணைகள் கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்தவை. ஒவ்வொரு கோடையிலும் பஞ்சைப் பிரித்து, வெயிலில் காயவைத்து, அவளே திரும்பத் தைப்பாள்.

"எங்கம்மா பஞ்சா?"

"உங்கம்மான்னு பேர் சொல்லல. பொதுவா இலவம்பஞ்சு."

"புறாவைப் பத்தி?"

"அதைப் பத்திக் கேக்கவே இல்லையே."

இது பொய்யில்லை. டாக்டர் புறாவைப் பற்றிக் கேட்கத்தான் இல்லை. ஆனால் பொய்யில்லாத ஒன்றை ஏன் மறுபடி மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று டெராமேக்கு விளங்கவில்லை.

"சரி. எடுத்துடலாம்" என்றாள் ரம்லா.

அவருக்குப் பயமாகிவிட்டது. கீரைக்காரியிடம்கூட ஒரே பேச்சில் ஒத்துக்கொள்கிறவள் இல்லை.

"தூக்கிப் போடறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாத்துடலாம், பாங். ஒரு வாரம் நீங்க முன்னறையில பாயில படுங்க. புதுசா நுரைத் தலையணை வாங்கித் தரேன். மூக்கு திறந்துச்சுன்னா பஞ்சு போகட்டும்."

"ஜோஹான்?"

"முன்கதவு வழியா திருடன் வருவான்னு நீங்கதான சொல்வீங்க. அது என்கூட உள்ளயே இருக்கட்டும்."

தன் நியாயத்திலேயே மாட்டிக்கொண்ட டெராமே பாயைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

நீல உறை போட்ட தலையணை வந்தது. "கொஞ்சம் கெட்டியா இருக்கே" என்றார். "புதுசு அப்படித்தான்" என்றாள்.

முதல் ராத்திரி அவள் இல்லாத பக்கம் கையை நீட்டி நீட்டிப் புரண்டார். விடியும்போது மூக்கு திறந்திருந்தது. பக்கத்து வீட்டில் மீன் பொரிவது, அடுக்களையில் தேயிலை கொதிப்பது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தன. அழுகை வந்துவிட்டது. அடைபட்டிருந்த மூக்கு திறந்ததற்கா, அடைத்தது எது என்று தெரிந்துவிட்டதற்கா? ஆனால் தெரிந்துவிட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்? பஞ்சும் அந்த அறையில் இருக்கிறது, ஜோஹானும் அந்த அறையில் இருக்கிறது. மூக்கு சாட்சி சொல்லாது. வாரம் முழுக்க இந்த வாதத்தின்மேல் தலைவைத்துத்தான் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை தேநீர் குடிக்கும்போது சொன்னார்.

"பாத்தியா ரம்லா? உங்கம்மா பஞ்சேதான்."

ரம்லா எழுந்து போய்ப் பாயிலிருந்த தலையணையைக் கொண்டுவந்து, நீல உறையை உருவி, ஓரத் தையலை ஒரு இழு இழுத்தாள். வெள்ளை வெளேரென்று இலவம்பஞ்சு பறந்து தேநீரில் இறங்கியது.

"ஒரு வாரமா இதுமேலதான் படுத்தீங்க. நுரைத் தலையணை என்கிட்ட இருக்கு."

டெராமே பஞ்சைப் பார்த்தார். மூச்சை இழுத்தார். மூக்கு கொஞ்சமும் ரோஷமில்லாமல் இழுத்துக்கொண்டது.

"இறகுன்னும் சொன்னாங்க" என்றார், மெதுவாக.

"தெரியும். மருந்து வாங்காம வந்துட்டீங்கன்னு மறுநாள் நான் போனேன். அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

அவர் டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு எழுந்தார். வாழ்க்கையில் ஒரு மனிதன் ஏதாவது ஒரு நாளில் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்று பட்டது.

"கூண்டைப் பின்கட்டுல மாட்டிடறேன். திருடன் கொண்டுபோனா போகட்டும். எனக்கு நீதான் முக்கியம். இன்னிக்கு ராத்திரி உள்ள வந்துடறேன்."

ரம்லா டம்ளரிலிருந்து பஞ்சை எடுத்துப் போட்டாள்.

"எதுக்கு, பாங்? எனக்குப் பழகிடுச்சு. அது என்கூட உள்ளயே இருக்கட்டும்."

"இப்பதான் மூக்கு திறந்திருச்சே. இனிமே குறட்டை வராது."

"மூக்கு திறந்தும் வருது, பாங். சுவரைத் தாண்டிக் கேக்குது" என்றாள் ரம்லா. "ஜோஹான் குறட்டை விடறதில்ல."