டவர்காரர்களுக்குச் சாப்பாடு

வண்டி நிறுத்துமிடத்தில் ராஸ் தும்மினான். ஒரே ஒரு தும்மல்தான். ஆனால் அது வெர்ன் ஹாகன் காதில் விழுந்துவிட்டது.

"என்ன, ஜலதோஷமா?"

"இல்ல வெர்ன், தூசி."

"முழங்கால் அளவுக்குப் பனி கிடக்கு. இதுல தூசி எங்கேர்ந்து வந்துச்சு?"

ராஸ் விமானக் கட்டுப்பாட்டு டவரின் படிகளில் ஏறிப் போய்விட்டான். வெர்ன் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரெட் வில்லோ விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனைக்கு வெர்ன்தான் தலைவர். ஊர்க்காரர்களின் பெட்டிகளை எக்ஸ்ரேயில் பார்த்துப் பார்த்து, மனிதர்களும் பூட்டிய பெட்டிகளாகவே அவருக்குத் தெரிய ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. உள்ளே ஏதோ இருக்கிறது, அதை மறைக்கிறார்கள். அவ்வளவுதான் அவருடைய தத்துவம்.

இப்போது சந்தேகப்படுவதற்குக் காரணமும் இருந்தது. வாஷிங்டனில் பட்ஜெட் சண்டை முற்றி, அரசாங்கத்தையே இழுத்து மூடிவிட்டார்கள். அரசாங்க ஊழியரான வெர்னுக்குச் சம்பளம் நின்றுபோயிருந்தது. வேலை மட்டும் நிற்கவில்லை. பெரிய நகரங்களில் டவர்காரர்கள் சம்பளமில்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது என்று, 'உடம்பு சரியில்லை' என்று வீட்டில் படுத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். விமானங்கள் ரத்தாகிக்கொண்டிருந்தன. ரெட் வில்லோ டவரில் இருப்பதே மூன்று பேர். ஒருவர் படுத்தால் டவர் மூடும். டவர் மூடினால் விமானம் வராது என்று விமான கம்பெனி சொல்லிவிட்டது. காலை விமானத்தில்தான் ஊர்க்காரர்கள் பில்லிங்ஸ் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். ஒருமுறை நின்ற விமானம் இந்த மாதிரி ஊருக்கு மறுபடி வருமா?

"தும்மினான்!" என்றார் வெர்ன், கஸ்ஸின் காபிக் கடைக்குள் நுழைந்ததும்.

"யாரு?" என்றார் கஸ்.

"டவர் ராஸ். பசி, கஸ். பசியில உடம்பு இளைச்சிருக்கு, ஜலதோஷம் புடிச்சிருக்கு. டிக்கெட்டுக்கு டிக்கெட் வரி புடிக்கிறானுங்களே, அந்தப் பணமெல்லாம் ஒரு உண்டியல்ல கிடக்கு. அதுலேர்ந்து எடுத்து விமான வேலைக்காரங்களுக்குக் குடுங்கடான்னா, உண்டியல் சாவிய யார் வெச்சுக்கறதுன்னு அங்க சண்டை. அவங்க சண்டை முடியறவரைக்கும் நம்ம டவர்காரங்களுக்கு நாமதான் சோறு போடணும்."

ஓரத்து மேஜையில் ஒருவர் இருமினார். கஸ் ஏற்கெனவே துடைத்த கோப்பையை மறுபடி துடைத்தார். ஊர்ப் போலீஸான துணை ஷெரீப் டூயி தன் தொப்பிக்குள் எதையோ தேடினார்.

கஞ்சப் பசங்க என்று நினைத்துக்கொண்டார் வெர்ன்.

"டவர்காரங்களுக்கா..." என்று இழுத்தார் கஸ். பிறகு டூயியைப் பார்த்தார். டூயி தலையை மெல்ல ஆட்டினார். "அதுக்கென்ன, போட்டுடலாம்யா. ஆனா கொண்டு போய்க் குடுக்கறது நீதான்."

"நீ என்ன பண்ணப் போற வெர்ன்? உனக்கும்தான் சம்பளம் வரல" என்றார் இருமியவர்.

"எனக்கென்ன? ஹாகன் வீட்டுல எவனும் அடுத்தவன் குடுத்து சாப்பிட்டது கிடையாது. போன வாரம் என் மச்சான் மான்தொடை ஒண்ணு கொண்டாந்தான். வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன்."

"கேள்விப்பட்டோம்" என்றார் கஸ்.

மறுநாளிலிருந்து கஸ்ஸின் கடையில் சாப்பாடு குவிந்தது. உருளைக்கிழங்கும் மாட்டுக்கறியும் போட்டு ஓவனில் வேகவைத்த கேசரோல், மான்கறி சாசேஜ், ஹக்கிள்பெரிப் பழம் வைத்துச் சுட்ட பை. சாப்பாட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. யாரோ ஒரு ஜோடி பனி பூட்ஸ் கொண்டுவந்து வைத்தார்கள். வேறு யாரோ ஒரு மூட்டை நாய்த்தீனி.

"டவர்ல ஏதுய்யா நாய்?"

"இருக்கும்" என்றார் கஸ்.

"பூட்ஸ் என் காலு அளவு இருக்கு. ராஸ் கால் குழந்தைக் கால் மாதிரி."

"ரெண்டு சாக்ஸ் போட்டுக்குவான். தூக்கிட்டுப் போய்யா, ஆறிடப் போகுது."

வெர்ன் மூச்சுவாங்க டவர் படியேறி எல்லாவற்றையும் கொடுத்தார். டவர் தலைவி மார்லா, கல்யாண வீட்டில் மொய் வாங்குபவள் போல முகத்தில் ஒன்றும் காட்டாமல் வாங்கி வைத்துக்கொண்டாள். வெர்ன் நுழைந்ததும் அங்கே பேச்சு நிற்பதையும், ராஸ் சிரிப்பை விழுங்குவதையும் அவர் கவனித்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் டோரீன் மேஜையில் கேசரோலை வைத்தாள். வெர்ன் கரண்டியை எடுத்தவர் அப்படியே நிறுத்தினார். ஒரு மூலை கருகியிருந்தது. காலையில் அவர் தூக்கிப்போன கேசரோலிலும் அதே மூலைதான் கருகியிருந்தது.

"இது ஏது?"

"சர்ச்சுல வித்தாங்க. சல்லிசா கிடைச்சுது."

"யார் செஞ்சது?"

"செஞ்சவங்க பேரு கேசரோல் மேல எழுதியிருக்குமா? சாப்பிடு வெர்ன்."

சாப்பிட்டார். நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் கோபமாக வந்தது. ஊரார் பரிதாபப்பட்டுக் கொடுப்பதை டவர்காரர்கள் சர்ச்சில் விற்றுக் காசாக்குகிறார்கள்! அதுவும் தன் மனைவியிடமே!

அடுத்த நாள் மார்லாவிடம் நைசாகக் கேட்டார்: "நேத்து கேசரோல் எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம். மீனு நல்லா வெந்திருந்தது."

"அது மாட்டுக்கறி."

மார்லா கண் சிமிட்டாமல் அவரைப் பார்த்தாள். "நம்ம ஊரு மாடு அவ்வளவு மிருது, வெர்ன்" என்று சொல்லிவிட்டு ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

இனி ஆதாரம் வேண்டும் என்று முடிவு செய்தார் வெர்ன். டவருக்குக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு சாப்பாட்டையும் தன் எக்ஸ்ரே இயந்திரத்தில் விட்டுப் படம் எடுத்துவைப்பது, சாயங்காலம் வீட்டுக்கு வருவதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. வெடிகுண்டைப் பிடிக்கும் இயந்திரம் கேசரோலைப் பிடிக்காதா?

அலுமினியத் தாளில் சுற்றிய பாத்திரம் உள்ளே போனது. திரையில் கன்னங்கரேல் என்று ஒரு கட்டி தெரிந்தது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் ஜோலீன். வெர்னிடமே தொழில் கற்றவள். விதி என்றால் விதி.

"உள்ள என்னன்னு தெரியாத பொருள்!" என்று கத்தினாள். "லைனை நிறுத்துங்க! எல்லாரும் வெளிய!"

"ஜோலீன், அது கேசரோல்!"

"கேசரோல்னு சொல்லிட்டு வர்றதுதான் சார் ரொம்ப ஆபத்து. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? பெத்த தாயே கொண்டாந்தாலும் நம்பாதன்னு?"

பயணிகள் அத்தனை பேரும் பனியில் வெளியே நின்றார்கள். பில்லிங்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ஒரு கிழவர் போர்வைக்குள்ளிருந்து வெர்னை முறைத்தார். வெடிகுண்டு நிபுணர் பக்கத்து ஊரிலிருந்து வந்து, தாளை மெதுவாகப் பிரித்து, ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். விமானம் அதற்குள் ரொம்பவே தாமதமாகியிருந்தது.

விமான கம்பெனியிலிருந்து போன் வந்தது. "உங்க ஊர்ல டவர்காரங்கதான் லீவு போடுவாங்கன்னு பயந்தோம். பிரச்சினை நீங்கதான் போலிருக்கே. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாங்க வர்றதப் பத்தி யோசிக்க வேண்டியிருக்கும்."

எந்த விமானத்தைக் காப்பாற்ற நினைத்தாரோ, அதையே தொலைக்கப் பார்த்த வெட்கம் வெர்னைப் பிடுங்கித் தின்றது. வெட்கம் மனிதனைத் திருத்தும் என்பார்கள். வெர்னை அது இன்னும் பிடிவாதக்காரராக்கியது. திருடர்களைக் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டினால்தான் தன் மானம் மிஞ்சும் என்று தோன்றியது.

தன் விடுமுறை நாளில், டவருக்குப் பின்னாலிருந்த பனிவாரி வண்டியின் மறைவில் காரை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். மதியம் ராஸ் ஒரு பெரிய பெட்டியைச் சுமந்துகொண்டு இறங்கினான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். தன் பிக்கப் வண்டியின் பின்னால் வைத்துக் கிளம்பினான். வெர்ன் பின்தொடர்ந்தார்.

பிக்கப் சர்ச்சுக்குப் போகவில்லை. சர்ச்சைத் தாண்டியது. மரக்கடையைத் தாண்டியது. வெர்னுக்கு நன்றாகப் பழகிய தெருவில் திரும்பியது. கடைசியில் ஒரு வீட்டின் கொல்லைப்புறம் நின்றது.

வெர்னின் வீடு.

ராஸ் கதவைத் தட்டவில்லை. இரண்டு முறை மெல்ல விசில் அடித்தான். கதவு திறந்தது. டோரீன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். காலையில் சீவாத தலையைச் சீவியிருந்தாள். அயலாரைக் கண்டால் கடித்துக் குதறும் அவர் வீட்டு நாய், ராஸின் குட்டிக் காலை நக்கியது. இருவரும் உள்ளே போனார்கள்; கதவு சாத்திக்கொண்டது.

சந்தேகம் வெர்னுக்குப் புதிதல்ல. ஆனால் அது இதுவரை அடுத்தவர் பெட்டிக்குள் இருந்தது. சொந்தப் பெட்டிக்குள் இருந்ததே இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் துணை ஷெரீப் டூயிக்குப் போன் போட்டார்.

"டூயி, என் வீட்டுக்குள்ள ஒரு ஆளு புகுந்திருக்கான்."

"திருடனா?"

"அதைவிட மோசம்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

காத்திருக்க முடியவில்லை. கதவை ஒரே தள்ளில் திறந்துகொண்டு உள்ளே போனார். சமையலறையில் டோரீன் ஸ்டூல்மேல் நின்று அலமாரியில் சாசேஜ்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ராஸ் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

டோரீன் கையிலிருந்த சாசேஜ் கீழே விழுந்தது. நாய் அதைக் கவ்விக்கொண்டு ஓடியது.

"வெர்ன்! உனக்கு இன்னிக்கு மீன்பிடிக்கப் போற நாளாச்சே!"

"அதனாலதான் இவன் வந்தானா?"

"வெர்ன், நீங்க நினைக்கிற மாதிரி இல்ல" என்றான் ராஸ்.

"நான் என்ன நினைக்கிறேன்னு உனக்கு எப்படித் தெரியும்? பசியில கிடக்கானேன்னு ஊர்ப் பயலுக கிட்டயெல்லாம் கையேந்தி உனக்குச் சோறு கொண்டாந்தேன். நீ அதை வெச்சு என் பொண்டாட்டிய வளைச்சுப் போடற!"

"சாசேஜுக்கு மயங்கற பொம்பளையா நான்?" என்று ஸ்டூல் மேலிருந்தே கத்தினாள் டோரீன். "இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு நல்ல மரியாதைடா சாமி!"

"அப்ப இவன் ஏன் வந்தான்? சொல்லு!"

டோரீன் ராஸைப் பார்த்தாள். ராஸ் அலமாரியைப் பார்த்தான். அந்தப் பார்வைதான் வெர்னை உடைத்தது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். குரல் தேய்ந்துபோனது.

"சம்பளமும் போச்சு. ஏரோப்ளேனும் போகப் போகுது. இப்ப நீயுமா டோரீன்?"

டோரீனின் கண் கலங்கியது. ஸ்டூலிலிருந்து இறங்கி அவர் தோளில் கைவைக்கப் போனாள். அதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றது. டூயி அவசரமாக உள்ளே வந்தார். இடுப்பில் துப்பாக்கி இருந்தது. கையில், துணியால் மூடிய, ஆவி பறக்கும் ஒரு ஹக்கிள்பெரி பை.

வெர்ன் விரலை நீட்டினார். "இவனைப் புடி டூயி. டவர்காரங்களுக்குக் குடுத்ததையெல்லாம் இங்க கொண்டாந்து கொட்டியிருக்கான். பட்டினி கிடக்கறவன் எவனாவது தன் சோத்தைத் தூக்கி அடுத்தவன் வீட்டுல வெப்பானா? கேஸ் போடு!"

டூயி அலமாரியைப் பார்த்தார், ராஸைப் பார்த்தார், தன் கையிலிருந்த பலகாரத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டபடி அதை மேஜைமேல் வெர்னுக்கு முன்னால் வைத்தார்.

"கேஸ் போடணும்னா ஊரு மொத்தத்தையும்தான்யா உள்ள தள்ளணும்: டவர்காரங்க தனியார் கம்பெனி ஆளுங்க, அவங்களுக்கு ஒரு நாள்கூட சம்பளம் நிக்கல, நேரா குடுத்தா நீ வாங்க மாட்டேன்னுதான் உனக்கு ஆக்கினதையெல்லாம் உன்னையே டவருக்குத் தூக்கிட்டுப் போக விட்டோம்!"