நான் டிரைவர் கட்சி

வேலை போன விஷயத்தை என் மனைவியிடம் சொல்வதில்லை என்று கடை வாசலுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில் ஒரு வைராக்கியம் எடுத்தேன். என் வைராக்கியங்களில் பஸ் வரும்வரை தாக்குப்பிடித்தது அது ஒன்றுதான்.

வேலை ஏன் போனது என்று சொன்னால்தான் ஏன் மறைத்தேன் என்பது புரியும். நான் ஒரு மெத்தைக் கடையில் சூப்பர்வைசர். தூங்கி மாட்டிக்கொண்டு வேலை போயிருந்தால் அதில் ஒரு நியாயமாவது இருந்திருக்கும். என் வேலை போனது ஒரு கொலைகாரனால்.

அப்போது டிவியில் சாயங்காலம் ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ஊரே பார்த்தது. பிண வண்டி ஓட்டுகிற ஒருவன், சவப்பெட்டிக்குள் வைத்துத் தங்கம் கடத்துகிறான். அவனுக்கு ஏதோ பெயர் உண்டு. எல்லோருக்கும் அவன் டிரைவர்தான். மனைவிக்கு விஷயம் தெரியாது. மகளுக்கும் தெரியாது. தெரிந்துகொண்ட மச்சானை, அதாவது மனைவியின் கூடப்பிறந்த தம்பியை, டிரைவர் தீர்த்துக்கட்டிவிட்டான். அதிலிருந்து ஊர் இரண்டாகப் பிரிந்தது. குடும்பத்துக்காகத்தானே செய்தான் என்று ஒரு கட்சி. குடும்பத்திலேயே கை வைத்துவிட்டானே என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. எனக்கும் ஒரு மச்சான் இருக்கிறான்.

அன்று காலை ஒரு அம்மாள், கடையிலேயே விலை கூடிய மெத்தையில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி விற்ற மாதிரிதான். கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்:

"இதுல படுத்தாக்கூட அந்த டிரைவருக்குத் தூக்கம் வராது. அவனைத் தூக்குல போடணும்."

"ஆமாம் மேடம்" என்றிருக்கலாம். நாக்கு கேட்கவில்லை.

"அவன் நிலைமைல இருந்து பாக்கணும் மேடம்."

"எந்த நிலைமைல? பொணத்துக்குப் பக்கத்துலயா?"

"அவன் தனக்காகச் செய்யல. குடும்பத்துக்காகச் செஞ்சான்."

"மச்சான் குடும்பம் இல்லையா?"

"மச்சான்ல பல வகை இருக்கு மேடம்."

அம்மாள் எழுந்து உட்கார்ந்தார். நான் மச்சான்களின் வகைகளை விளக்கினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். நான் வாசல்வரை கூடவே போய் விளக்கினேன். திரும்பினால், தலையணைக் குவியலுக்குப் பின்னால் முதலாளி.

"மெத்தை விக்கச் சொன்னா கொலைகாரனுக்கு வக்கீலா போறியா? அப்ப கோர்ட்டுக்கே போயிடு. நாளைலேருந்து இங்க வராதே" என்றார்.

இதை என் மனைவியிடம் எப்படிச் சொல்வது? அவள் எதிர்க்கட்சி.

அன்று சாயங்காலமும் தொடர் பார்க்க உட்கார்ந்தோம். நான், அவள், எதிர்வீட்டு நர்ஸ் அக்கா. அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்ப்பவர். அவர் வீட்டு டிவி கெட்டுப் போனதிலிருந்து எங்கள் சோபாவின் நல்ல மூலை அவருடையது. திரையில் டிரைவர் ரத்தக் கறை படிந்த சட்டையைக் கழுவிவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தான்.

"பாருங்க, எவ்வளவு பாசம்" என்றேன்.

"அது பாசம் இல்ல தம்பி, பாசி. காலை வெச்சா வழுக்கிவிடும்" என்றார் அக்கா.

"பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னவாம் அவனுக்கு?" என்றாள் மனைவி.

"சொன்னா அவ மனசு கஷ்டப்படும். அதனால மறைக்கறான். மறைக்கறவன்தாம்மா பாரத்தைத் தனியா சுமக்கறான்."

"அவன் சுமக்கறது பாரம் இல்லீங்க, பந்தா. வீட்டுல தான் ஒருத்தன்தான் ஆம்பளைன்னு ஒரு பந்தா."

"உனக்கு ஆம்பளை மனசு புரியாது."

"புரியறதுக்கு முதல்ல அவன் வாயைத் திறக்கணுமே" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் வழக்கம்போல் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பினேன். பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்காத இடம் எது என்று யோசித்தேன். பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடம். நர்ஸ் அக்கா மேல் மாடி. பகலில் கீழே இறங்க நேரமிருக்காது. கூடத்தில் மின்விசிறி உண்டு. பெஞ்சு உண்டு. எல்லோர் முகமும் என் முகம் மாதிரியே இருந்தது.

பக்கத்தில் பிளாஸ்க்கோடு ஒரு பெரியவர். "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டார்.

"மனைவிக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது?

"என்ன உடம்புக்கு?"

"பெரிய வியாதி."

அவர் பேசாமல் டீ ஊற்றிக் கொடுத்தார். அடுத்த நாள் எனக்காக மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து வைத்திருந்தார். அதற்கடுத்த நாள் மொத்த பெஞ்சும் என்னைப் பார்த்து எழுந்து வழிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து யாரும் என்னை இவ்வளவு மரியாதையாக நடத்தியதில்லை. அந்த மரியாதை கெடாமல் இருக்க, தினமும் அவள் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மோசமாக்கினேன். மோசமாக்கிவிட்டு, அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. அவள் என் வேலையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள். இத்தனை வருஷத்தில் மெத்தையைப் பற்றி அவள் கேட்ட ஒரே கேள்வி, "நம்ம மெத்தையை எப்ப மாத்தறது?" என்பதுதான்.

"ஏங்க, முதுகு வலின்னு ஒருத்தர் வந்தா எதைக் காட்டுவீங்க?"

"தேங்காய் நார். கெட்டியா இருக்கும்."

"புதுசா கல்யாணமானவங்க?"

"விலையைச் சொல்லாம முதல்ல துணியோட டிசைனைக் காட்டணும்."

"முதலாளிக்கு எப்பக் கோபம் வரும்?"

"சாப்பாட்டுக்கு முன்னாடி. சாப்பிட்டப்புறம் என்ன கேட்டாலும் தலையாட்டுவாரு."

கேட்டுக்கொண்டே மெத்தையைத் தட்டிப் பார்ப்பாள். என் நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. வேலை போன பிறகாவது வேலைக்கு ஒரு மதிப்பு வந்ததே என்று பல வருஷ வித்தை முழுவதையும் கொட்டினேன்.

அதைவிடப் பெரிய அதிசயம் டிவி முன்னால் நடந்தது. ஒரு சாயங்காலம் நர்ஸ் அக்கா டிரைவரைத் திட்டிக்கொண்டிருக்க, மனைவி மெதுவாகச் சொன்னாள்:

"மறைக்கறது எல்லாமே தப்புன்னு சொல்ல முடியாதுக்கா. சில சமயம் வீட்டுக்காகத்தான் மறைக்க வேண்டியிருக்கு."

அக்கா அவளைப் பார்த்துச் சிரித்தார். கட்சி மாறியதற்குச் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஜெயித்த முதல் வாக்குவாதம். அன்று எனக்கு நல்ல தூக்கம்.

அடுத்த நாள் பிளாஸ்க் பெரியவர் என் கையைப் பிடித்தார். "உங்க மனைவி எந்த வார்டு? நான் வந்து ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லணும்."

"இன்னிக்கு யாரையும் விடமாட்டாங்க" என்றேன்.

"நான் டாக்டரைக் கேட்டுக்கறேன், வாங்க" என்று எழுந்தே விட்டார்.

டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். போக்கிடம் இல்லாதவன் எங்கே போவான்? முதலாளி காலில் விழுவது என்று முடிவு செய்தேன். சாப்பாட்டு நேரம் முடியட்டும் என்று பார்த்துத்தான் போனேன்.

கடைக்குள் நுழைந்தால், ஒரு சார் மெத்தையில் படுத்திருந்தார். அவர் தலைமாட்டில் நின்று, என் குரலில், என் வார்த்தைகளில், என் மனைவி பேசிக்கொண்டிருந்தாள்.

"முதுகு வலிக்கு நார்தான் சார் நல்லது. கெட்டியா இருக்கும்."

"தொடர் பாக்கறீங்களாம்மா? டிரைவர் பண்ணது சரின்னுதான் நான் சொல்லுவேன்."

"ரொம்பச் சரி சார். குடும்பத்துக்காகத்தானே செஞ்சாரு."

சார் உடனே வாங்கினார். அடுத்து ஒரு அம்மாள் வந்து அதே மெத்தையைத் தடவிக்கொண்டே டிரைவரைச் சபித்தார்.

"தூக்குலயே போடலாம் மேடம். சொந்தத் தம்பி மாதிரி இருந்தவனைப் போய்..." என்றாள் மனைவி. அவரும் வாங்கினார்.

பிறகுதான் என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வாங்க சார். சிங்கிளா, டபுளா?"

"என்ன இது?"

"குடோன் சாவியைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு வந்துட்டீங்க. மறுநாளே முதலாளி போன் பண்ணினாரு. எல்லாத்தையும் சொன்னாரு. சாவியைக் கொண்டுவந்து குடுத்தேன். இங்க ஒரு அம்மா கவனிக்க ஆள் இல்லாம நின்னுட்டிருந்தாங்க. ரெண்டு வார்த்தை பேசினேன். வாங்கிட்டாங்க. வேலைக்கு வர்றியாம்மான்னு கேட்டாரு. நீங்க வர்றதுக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிடணும்னு சொல்லிச் சேந்துட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்களும் சொல்லலையே. சரி, நானும் கொஞ்சம் பாரம் சுமக்கலாம்னு பாத்தேன்."

நான் தரையைப் பார்த்தேன். அவள் மெத்தையில் விரிப்பை இழுத்து நேராக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்:

"எனக்கு என்ன வியாதிங்க?"

பக்கத்திலிருந்த தலையணையை எடுத்துத் தட்டினேன்.

"நர்ஸ் அக்கா கீழ வந்தப்போ பாத்திருக்காங்க. அந்தப் பெஞ்சுல விசாரிச்சிருக்காங்க. என்கிட்ட சொல்லிட்டு ஒரேயடியாச் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. இன்னும் எத்தனை நாள் இருப்பேனாம்?"

"யாரோ கேட்டாங்க. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

"டிரைவருக்கும் அப்படித்தான். வாயில குடும்பம், குடும்பம்னு வந்துக்கிட்டே இருக்கும்."

பஞ்சுக்குப் பஞ்சமில்லாத கடை. எங்கே விழுந்தாலும் யாருக்கும் அடிபடாது. எனக்கு மட்டும் நின்ற இடத்திலேயே பட்டது.

முதலாளி ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார். நான் கேட்பதற்கு முன்பே கையை விரித்தார். "சூப்பர்வைசர் வேலை காலி இல்லப்பா. வேற ஏதாவது வேணும்னா உன் சம்சாரத்தைக் கேட்டுக்கோ. இப்ப எல்லாம் அவங்கதான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். லோடு தூக்கும் உடம்பு இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பார்வை தெருவோரக் கண்ணாடி ஜன்னலில் போய் நின்றது. அதற்குப் பின்னால் ஒரு கட்டில், அதன்மேல் கடையின் புது மெத்தை.

"அதுல ஆள் படுத்திருந்தா போறவங்க நின்னு பாப்பாங்க சார். இவரைப் படுக்க வைக்கலாம்."

வீட்டில் படுத்தியவள், கடையில் படுக்க வைத்தாள்.

இப்போது அதுதான் என் உத்தியோகம். காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் வருகிறோம். அவள் கல்லாப் பக்கம் போகிறாள்; நான் ஜன்னல் பக்கம் போய்ப் படுக்கிறேன். கண்ணைத் திறக்கக் கூடாது, பேசக் கூடாது. இரண்டும் சூப்பர்வைசர் போட்ட நிபந்தனை. வியாதி விஷயத்தை அதன்பிறகு அவள் பேசவில்லை. பேசினால் தேவலாம் என்றிருக்கிறது.

நேற்று ஒரு கணவனும் மனைவியும் வந்து என் கால்மாட்டில் நின்று பேசிக்கொண்டார்கள்.

"டிரைவர் நல்லவன்" என்றார் அவர்.

"அயோக்கியன்" என்றார் அந்த அம்மாள்.

என் மனைவி இருவருக்கும் ஆமாம் போட்டாள். அந்த அம்மாள் விடவில்லை. மடக்கி மடக்கிக் கேட்டார். மனிதர் குரல் இறங்கிக்கொண்டே போனது. தனியாகத் தோற்றுக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணை மூடியபடியே சொல்லிவிட்டேன்:

"எல்லாம் குடும்பத்துக்காகத்தாங்க செஞ்சான்."

அந்த அம்மாள் திடுக்கிட்டு, "இவர் தூங்கலையா?" என்று கேட்டார்.

என் மனைவி போர்வையை என் முகம்வரை இழுத்துவிட்டாள்.

"தூக்கத்துல உளறறார் மேடம். அந்த அளவுக்கு சுகமான மெத்தை."